மணக்குடிக் கரையில் எங்கள் கடை

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் முட்டுவலி பரவாயில்லை. அப்புறம், தம்பி மகனின் கடையைப் பற்றி விவரமாகக் கேட்டிருந்தாய்.

பழையாறு கடலில் சேரும் இடத்தில், காயலைப் பார்த்து ஓலைக்கூரை போட்டிருக்கிறான். 2004 சுனாமியில் பாலம் போனதே, அந்தப் பக்கம்தான். போர்டில் 'கடல் உணவு, பார்பிக்யூ' என்று இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது புதுசு. நமக்கோ கரையில் நின்று கரமடி வலை இழுத்த காலத்துச் சாப்பாடு. வடம் இழுத்துக் களைத்த தாத்தா, செதில்கூடச் சுரண்டாமல் கொழுத்த சாளை மீனைத் தேங்காய்ச் சிரட்டைக் கனலில் போடுவார். எண்ணெய் சொட்டித் தீ குப்பென்று எழும்பும். தோல் கருகியதும் விரலால் உரித்தால் செதிலும் சேர்ந்து வந்துவிடும், உள்ளே வெள்ளைச் சதை. அதே சாளைதான் இன்றும் அந்தக் கடையில் முதலில் தீர்ந்துபோகிறது.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வந்தது பாட்டி வழி. பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து கோட்டாறு வரை நடந்து, வழியில் நெல்லுக்கும் மரச்சீனிக்கும் மாற்றிக்கொண்டு திரும்புவாள். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பரப்பாவிட்டால் நம் கரையில் எத்தனை அடுப்பு அணைந்திருக்குமோ! அவித்த மரச்சீனியும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இன்றும் பாட்டியின் கைப்பக்குவத்திலேயே இருக்கின்றன. நல்லமிளகு, மிளகாய் வத்தல், உள்ளி, கறிவேப்பிலை எல்லாம் அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்து நெய்மீனில் (வஞ்சிரம்) தடவி, வாழையிலையில் பொதிந்து சுடுகிறார்கள். பாக்கெட் மசாலா வாங்கலாம் என்று பையன் சொன்னான். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. எனக்கும் அவள் சொன்னதே சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டித்துப் பேசினேன். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன், ஜூலை. விசைப்படகு போகாத அந்த நாட்களில் எங்கிருந்தோ ஐஸ் மீனை இறக்கலாம் என்று நினைத்தான். "வள்ளத்திலும் கட்டுமரத்திலும் கரைக்கு வருவதை ஏலத்தில் எடு. நெய்மீன் இல்லையென்றால் இல்லை என்று சொல். உன் பூட்டி, அதாவது என் பாட்டி, கடவத்தில் அன்றைய மீனை மட்டும்தான் சுமந்தாள்" என்றேன். கொஞ்சம் முகம் வாடினான், ஆனால் கேட்டுக்கொண்டான். இப்போது அன்றன்று வந்த மீனைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறான்.

டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்குக் கோட்டாறு வருவாய் அல்லவா? இரண்டு நாள் கூட இருக்கிற மாதிரி வா. உன் அப்பா எடுத்த கரமடிப் படங்கள் உன்னிடம் இருக்கும். ஒன்றில் தாத்தா முன்வரிசையில் வடம் பிடித்து நிற்பார். எங்கள் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. தேடிப்பார்த்து ஒரு நகல் எடுத்து வா, கடைச் சுவரில் மாட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான்.

உன் கூட்டுக்காரன்