பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு

அன்புள்ள அம்மாமார்களுக்கும் அப்பாமார்களுக்கும், முக்கியமாக ஆச்சிமார்களுக்கும்,

கைக்குழந்தைகள் பேச்சை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுக்காக உங்கள் வீட்டுக்கு வந்து நின்றவள்தான். போன வாரத்தோடு வேலை முடிந்தது. நன்றி சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் திருவட்டாறு பக்கத்து அங்கன்வாடி டீச்சருக்கு. நாங்கள் அச்சடித்துக் கொண்டுபோன ஒப்புதல் படிவத்தைப் பார்த்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு, இதுல எவ கையெழுத்துப் போடுவா?" என்றார். அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினோம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, வேண்டாமென்றால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்பதெல்லாம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. அதைத் தூக்கி முதல் வரியில் வைத்தோம். அதற்கப்புறம்தான் ஆச்சிமார் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். கையெழுத்து அம்மா போட்டாலும் முடிவு ஆச்சியுடையதுதான், அது நமக்குத் தெரியாததா!

"வீட்டில் பேசும் மொழி" என்று படிவத்தில் ஒரே ஒரு கட்டம் விட்டிருந்தோம். களியக்காவிளை வீட்டில் அப்பா பிள்ளையிடம் தமிழ் பேசுகிறார், பாறசாலையிலிருந்து வந்த அம்மாச்சி மலையாளத்தில் கொஞ்சுகிறார். எதை எழுத? "ரெண்டும் எழுதுங்க, பிள்ளைக்கு ரெண்டும் விளங்குது" என்று அம்மாச்சியே சொல்லிவிட்டார். கட்டம் இரண்டானது அவரால்தான்.

"இந்த வாரமே வாங்க, இந்த வாரமே வாங்க" என்று நான் போனில் நச்சரித்ததற்கு மன்னியுங்கள். காரணம் இருக்கிறது. பத்துக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சட்டென்று கேட்கும். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கும் 6 முதல் 8 மாதத்தில் அது போன்ற இந்தி ஒலிகள் பிரிந்து கேட்டன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கேட்கவில்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் செய்து 1984-இல் வெளியிட்டது இது. அப்படியானால் எட்டு மாதப் பிள்ளையை "திருவிழா முடியட்டும், கொண்டுவாறோம்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்!

ஆனால் நீங்கள் வந்தீர்கள். குலசேகரத்து அப்பா ஒருவர் விடியுமுன் ரப்பர் வெட்டப் போய், பால் எடுத்துக் கொடுத்து, கையில் பால் பிசுக்கோடு வடசேரி பஸ் ஸ்டாண்டில் பிள்ளையோடு இறங்கினார். வழி முழுக்க விழித்திருந்த பிள்ளை எங்கள் அறைக்குள் வந்ததும் தூங்கிப்போனது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். ஒரு முகச்சுளிப்பு இல்லை.

அம்மாமார் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டது ஏன் என்று பலர் கேட்டீர்கள். ஸ்பீக்கரில் சத்தம் மாறும்போது பிள்ளை தானாகத் திரும்புகிறதா என்றுதான் பார்த்தோம். அந்த மாற்றம் உங்களுக்கும் கேட்டால் மடி லேசாக அசையும், மடியில் இருக்கும் பிள்ளை அதை வைத்தே திரும்பிவிடும். வேறொன்றும் இல்லை. "என்ன பாட்டு இது, நல்ல பாட்டா போடப்பிடாதா?" என்ற மணவாளக்குறிச்சி அக்காவின் புகார் நியாயமானது.

தூத்தூர் பக்கத்து வீடுகளுக்கு ஜூன், ஜூலையில் வந்தோம். மேற்குக் கரையில் அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் அப்பாமார் கரையில் இருப்பார்கள். வலை பின்னும் இடத்திலேயே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசினார்கள். பிள்ளையின் சட்டைப் பையில் இருந்த ரெக்கார்டரில் அத்தனையும் பதிவாகியிருக்கிறது, கூடவே கடலும்.

அந்த அப்பாக்களில் ஒருவர் தன் பிள்ளையின் பதிவைக் கேட்டிருந்தார், படகில் போட்டுக் கேட்க. பென் டிரைவ் தயார். டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன், தங்கலுக்குப் போகுமுன் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. வேறு யாருக்கு வேண்டுமென்றாலும் அவரிடம் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஸ்கூட்டரில் வந்த அக்கா
நாகர்கோவில்