புது வெர்ஷன் கண்ட்ரோல் டூல் எழுதுற மக்களே, அந்த ஒத்த எழுத்த எடுக்கறதுக்கு முன்னாடி

வணக்கம். ரிப்போ (ப்ராஜெக்ட் ஃபைலும் அதோட பழைய மாற்றமும் இருக்கற கிடங்கு) ரூட்டுல இருந்து பாத் எழுத ஒரு சுருக்கு வேணும், எந்த எழுத்து வைக்கலாம்னு யோசிச்சிட்டு இருப்பீங்க. நல்ல விஷயம்தான். பிராஞ்ச் (தனியா வேல பாக்க ஒரு கிளை) போட முழு யூஆர்எல்ல ரெண்டு தடவ டைப் பண்ண காலத்து ஆளு நான், 2009ல சப்வெர்ஷன்ங்கற வெர்ஷன் கண்ட்ரோல் டூலோட 1.6 வந்து ^/னு போட்டா ரூட்டுனு எடுத்துக்கும்னப்போ விரலுக்கு அவ்ளோ நிம்மதி.

அப்புறம் ஒரு கிளையண்ட் ஆபீஸ்ல விண்டோஸ் மெஷின்ல உக்கார வச்சாங்க. மெயின் கோட் இருக்கற ஃபோல்டருக்கு ^/ட்ரங்க்னு அடிக்கிறேன், அப்படி ஒரு பாத்தே இல்லைங்குது. ஸ்பெல்லிங் பாத்தேன், பர்மிஷன் பாத்தேன், பக்கத்து சீட்டுக்காரர திட்டிக்கூட பாத்தேன், கடைசில பாத்தா கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு ^ எஸ்கேப் எழுத்தாம், அத முழுங்கிட்டு வெறும் /ட்ரங்க்க மட்டும் உள்ள அனுப்பிருக்கு. கோட்ஸ் (மேற்கோள் குறி) போடணும், இல்ல ^^/னு ரெண்டா அடிக்கணும். கிட்ங்கற இன்னொரு டூல்லயும் அதே கததான், அங்க இப்ப இருக்கற கமிட்டுக்கு (சேவ் பண்ண மாற்றத்துக்கு) முந்தினதக் காட்ட ஹெட்^னு அடிச்சு என்டர் தட்டுனா "மோர்?"னு கேக்கும் (சித்திரை வெயில்ல கேட்டா வேணும்னே சொல்லிருப்பேன்).

காலி மனைனு நம்பி வேலி போட்டா, ஏற்கனவே பட்டா வச்சிருக்கவன் வந்து நிக்கிற மாதிரிதான் இது. கிட்ல ஒரு ஃபைல கணக்குல சேக்காம விட :!னு வச்சாங்க, லினக்ஸ்ல கமாண்ட் அடிக்கிற பாஷ்ல ! பழைய கமாண்ட கூப்பிடற எழுத்து. கோட்ஸ் போட்டே ஆகணும்னு 2017ல கிட் டூல உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி :^ங்கறதையும் சேத்தாரு. பாஷ்காரன் தப்பிச்சான், விண்டோஸ்காரன் மாட்டினான்! சப்வெர்ஷன்ல @ ரிவிஷனுக்கு (எத்தனாவது பதிப்புனு சொல்ல), ஆனா ஐபோன் ஐகான் ஃபைல் பேர்லயே @2எக்ஸ்னு வருமே, அத ஆட் பண்ண பேரு கடைசில இன்னொரு @ ஒட்டணும். இத யாராவது சொல்லித் தராம தெரிஞ்சுக்கிட்டவங்க இருந்தா கையெடுத்து கும்பிடுறேன்.

நாம அடிக்கிற கமாண்ட வாங்குற ஷெல்லு (கமாண்ட் ப்ராம்ப்ட், பாஷ் மாதிரி) முழுங்கலனாலும் சண்ட தீராது. கிட் ஆட் கமாண்ட்ல :/ போட்டா ரூட்டு, கிட் ஷோ கமாண்ட்ல அதே :/ பக்கத்துல ஒரு வார்த்த போட்டா கமிட் மெசேஜ்ல தேடப் போயிடும். ஹெட்: போட்டு ஃபைல் பேரு குடுத்தா நீங்க எந்த ஃபோல்டர்ல நின்னாலும் ரூட்டுல இருந்துதான் எண்ணும், நிக்கிற இடத்துல இருந்து வேணும்னா நடுவுல ./ போடணும். அந்த ./ மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா அத யாருக்கும் புதுசா சொல்லித் தர வேணாம், எந்த ஷெல்லும் சாப்பிடாது.

அதனால ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி உங்க சுருக்க கமாண்ட் ப்ராம்ப்ட், பவர்ஷெல், பாஷ், இசட்ஷெல் நாலுலயும் கோட்ஸ் இல்லாம அடிச்சுப் பாருங்க. மேனுவல்ல "கோட்ஸ் போட்டுக்கவும்"னு எழுத வேண்டி வந்தா தயவுசெஞ்சு வேற எழுத்து தேடுங்க. டெஸ்ட் பண்ண விண்டோஸ் மெஷின் இல்லனா சொல்லுங்க, எங்கிட்ட ஒரு பழசு கெடக்கு.