ஸ்க்ரூவைத் திருப்பாதே, முதலில் எர்த்தைப் பார்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தும் நிறுத்தியாகிவிட்டது. கோவையில் இரண்டு நாளாக நல்ல மழை.

நீ எழுதியதில் பாதி உன் பழைய மோரிஸ் மைனர் காரைப் பற்றித்தான். வாரம் தவறாமல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறது, பேட்டரி மேலே ஈரமும் அமில வாடையும், தட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்கிறாய். புதுப் பேட்டரி போட்டும் அதே கதை. இது ஓவர் சார்ஜ்தான், சந்தேகமில்லை. சிவப்பு விளக்கு ஒழுங்காக அணைகிறதே என்று கேட்டிருந்தாய். அந்த விளக்கை நம்பாதே. அது இக்னிஷனுக்கும் டைனமோவின் (எஞ்சின் ஓட்டத்தில் கரண்ட் உண்டாக்குவது) டி முனைக்கும் நடுவில் இருக்கிறது; இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும். சார்ஜ் ஏறவில்லை என்றால் சொல்லும், அளவுக்கு மீறி ஏறுவதை ஒருநாளும் சொல்லாது. உன் வண்டியில் ஆம்பியர் மீட்டரும் கிடையாது. வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உன் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது) லைட் மங்குகிறது என்று எலெக்ட்ரீஷியன், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியின் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினார் என்று எழுதியிருக்கிறாய். ஐடிலில் மங்குவது டைனமோவின் இயல்பு, ராமு. அந்த வேகத்தில் அதற்குப் பேட்டரியைத் தாண்டும் வோல்ட் வராது, கட்-அவுட் பாயிண்ட் (தொட்டு விலகும் உலோக முனை) திறந்தே இருக்கும், லைட் பேட்டரியில் எரியும். ஸ்க்ரூவை எத்தனை சுற்று முடுக்கினாலும் ஐடிலில் ஒன்றும் மாறாது. மாறுவது ரோட்டில் ஓடும்போதுதான்: வோல்ட் எகிறும், பேட்டரி கொதிக்கும். அவர் கைவைப்பதற்கு முன்பே தண்ணீர் குறைந்துகொண்டிருந்ததா என்பதை நீ எழுதவில்லை. குறைந்திருந்தால் கோளாறு இரண்டு. அதனால் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடு.

நம் பக்கத்தில் மொத்தப் பெட்டியையும் கட்-அவுட் என்றே சொல்கிறோம். உன்னுடையது லூகாஸ் ஆர்பி106/2. உள்ளே இரண்டு காயில் இருக்கிறது: ஒன்று டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட், மற்றது வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர். உன் சி40 டைனமோவின் ஃபீல்டு காயில் (உள்ளே காந்தத்தை உண்டாக்கும் சுற்று) ஒரு நுனி உள்ளேயே பாடியில் எர்த் ஆகிவிடும். மறு நுனிதான் எஃப் முனை. ரெகுலேட்டர் பாயிண்ட் மூடியிருக்கும்வரை டி முனையிலிருந்து எஃப்புக்கு நேராகக் கரண்ட் போகும், டைனமோ முழு பலத்தில் உற்பத்தி செய்யும். வோல்ட் ஏறினால் ரெகுலேட்டர் காயில் பாயிண்டை இழுத்துத் திறக்கும், ஏறக்குறைய 60 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஃபீல்டுக்கு நடுவில் வந்துவிடும், உற்பத்தி தணியும். வினாடிக்குப் பல தடவை இது நடக்கிறது. காயில் தான் காணும் வோல்ட்டுக்குத்தான் வேலை செய்யும். எர்த் சரியில்லாமல் காண்பது குறைவாக இருந்தால் டைனமோவை மேலும் விரட்டும். ஓவர் சார்ஜில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பேட்டரி முனைகளில் அளந்து பார். நல்ல பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் ஷார்ட். அப்படியிருந்தால் மீதி ஐந்து செல்லும் ஆறு செல்லுக்கான வோல்ட்டைத் தாங்க வேண்டும், கொதித்துக்கொண்டே இருக்கும், ரெகுலேட்டர் மேல் குற்றமே இல்லை. புதுப் பேட்டரிதான், ஆனால் இவ்வளவு நாள் வெந்திருக்கிறதே; அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார். செல்லுக்குச் செல் 0.050க்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை வைத்து ரெகுலேட்டரை செட் செய்வது வீண் வேலை.

பிறகு எஞ்சினை ஓட்டி, பத்து நிமிடம் கழித்து, லைட் எதுவும் போடாமல், ஐடிலைவிட நன்றாக வேகத்தை ஏற்றி வைத்துப் பேட்டரி முனையிலேயே அள. 14 முதல் 14.5க்குள் இருந்தால் பெட்டி சரி; தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றி அது வழிகிறதா என்று பார். தகடு மூழ்கினால் போதும். 15ஐத் தாண்டினால் தொடர்ந்து படி. மீட்டர் முள் வைத்ததாக இருக்கட்டும். விலை குறைந்த டிஜிட்டல் மீட்டர் இக்னிஷன் இரைச்சலில் கண்டபடி எண் காட்டும். இன்னொன்று: மைனர் பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில்) பிறந்த வண்டி. இத்தனை வருஷத்தில் யாராவது மாற்றியிருக்கலாம். பாடிக்குப் போகும் கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள். கழற்றும்போது அந்தக் கேபிளைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது கடைசியில். கட்-அவுட் பெட்டியின் ஏ முனையில் ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரி நிற்கிறது, ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் வயரே எரியும். கொதிக்கும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

அடுத்தது பெட்டியின் ஈ முனை, அதாவது எர்த். எஞ்சின் ஓட, லைட் எரிய, ஒரு நுனியை ஈ முனையிலும் மறு நுனியைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து அள. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் அங்கே துரு அல்லது பெயின்ட். சந்தேகமிருந்தால் ஈ முனையிலிருந்து பேட்டரி எர்த் முனைக்கு ஒரு தடித்த வயரைத் தற்காலிகமாக நேராக இழு. சார்ஜ் வோல்ட் உடனே இறங்கினால் திருடன் அகப்பட்டான். கவனித்துக்கொள், எர்த் முழுக்க அறுந்துவிட்டால் ஓவர் சார்ஜ் ஆகாது. இரண்டு காயிலுக்கும் அதே எர்த் என்பதால் கட்-அவுட்டும் மூடாது. சார்ஜே ஏறாமல் சிவப்பு விளக்கு மட்டும் எஞ்சின் வேகத்தோடு பளிச்சென்று எரியும். அரைகுறை எர்த்தான் பேட்டரியைக் கொல்லும். உன் வண்டியில் பேட்டரி எஞ்சின் அறைக்குள்ளேயே இருக்கிறது, அமில ஆவி அந்தச் சுற்றுவட்டத்து எர்த் இணைப்புகளைத்தான் முதலில் தின்னும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் தட்டைக் கழுவு (செல்லுக்குள் ஒரு சொட்டும் போகாமல்), இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசு.

எர்த் சரியாக இருந்தால் பெட்டியில் எஃப் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டு எஞ்சினை ஓட்டு. ஃபீல்டு இல்லாததால் சார்ஜ் நின்று சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் கோளாறு பெட்டிக்குள். அப்படியும் விளக்கு அணைந்து வோல்ட் ஏறினால் டியும் எஃப்பும் வழியில் எங்கோ ஒட்டியிருக்கின்றன: வயர் கட்டில் இன்சுலேஷன் தேய்ந்திருக்கும், அல்லது டைனமோவுக்குள்ளேயே. டைனமோவில் இரண்டு வயரையும் கழற்றி எஃப் முனைக்கும் பாடிக்கும் ஓம் பார். 6 ஓம் வர வேண்டும். 3 அல்லது 4 காட்டினால் ஃபீல்டு காயில் சுற்றுக்குள் ஷார்ட். இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டி வாங்காதே. 6 ஓம் என்றால் பாயிண்டில் 2 ஆம்பியர் போகும். 3 ஓம் என்றால் 4 ஆம்பியர். அந்தத் தீப்பொறியில் பாயிண்ட் கருகி ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் திறக்காது, திறக்காவிட்டால் முழு சார்ஜ். புதுப் பெட்டியும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும்.

இதெல்லாம் தேறிய பிறகு செட்டிங். பேட்டரியைக் கழற்றி, ஏ, ஏ1 முனைகளில் உள்ள வயர்களை எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்று. இக்னிஷனுக்குக் கரண்ட் போக வேண்டுமே. பேட்டரியை மாட்டு. மீட்டரை டிக்கும் ஈக்கும் நடுவில் வை. எஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்று. முள் ஏறிக்கொண்டே வந்து, ஒரு துடி துடித்து, நிலைக்கும். அந்த எண்தான் கணக்கு. 30 டிகிரி வெயிலில் 15.9 முதல் 16.5 வரை, 40 டிகிரியில் 15.8 முதல் 16.4 வரை. காரைக்குடி வெயிலுக்குக் கீழ் எல்லைப் பக்கமே வை. 16ஐப் பார்த்துப் பயந்து 14க்கு இறக்கிவிடாதே. இது பேட்டரி இணைக்காத அளவு; லோடு ஏறியதும் தானாகவே 14க்கு வந்துவிடும். இங்கேயே 14 வைத்தால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. நான் பார்த்த பழைய வண்டிகளில் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டதால் கெட்ட பேட்டரிகளே அதிகம்.

முள் 17, 18இல் நிலைத்தால் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி பார். ஒவ்வொரு தடவையும் 30 வினாடிக்குள் முடித்துவிடு. காயில் சூடேறினால் எண் பொய் சொல்லும். முள் நிற்காமல் 20ஐ நோக்கி ஓடினால் உடனே எஞ்சினை அணை: பாயிண்ட் ஒட்டியிருக்கிறது அல்லது ரெகுலேட்டர் காயில் அறுந்திருக்கிறது. பாயிண்டைச் சுத்தம் செய்யும்போது இரண்டையும் ஒன்றாக நினைக்காதே. ரெகுலேட்டர் பாயிண்டுக்கு நைஸான கார்போரண்டம் கல். கட்-அவுட் பாயிண்டுக்குக் கண்ணாடித்தூள் ஒட்டிய நைஸ் தாள் மட்டும், எமெரி கூடவே கூடாது. முடித்ததும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் துடை. ஆர்மேச்சர் (காயில் இழுக்கும் இரும்புத் தகடு) இடைவெளியை யாரும் கலைக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடு.

ஆல்டர்னேட்டர் மாற்றலாமா என்று கேட்டாய். எனக்கு மனசில்லை. சி40 22 ஆம்பியர் தருகிறது. இரண்டு ஹெட்லைட்டுக்கு எட்டு, இக்னிஷனுக்கு நான்கு, வைப்பருக்குக் கொஞ்சம் என்று வைத்தாலும் மிச்சம் இருக்கிறது. ஏசியோ கூடுதல் விளக்கோ நீ மாட்டப்போவதில்லை. பெட்டி உண்மையிலேயே கெட்டிருந்தால் பழைய கூட்டுக்குள் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்து வருகிறதே, அது போதும். உன் வண்டியின் எர்த் எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்கு, மாற்றிப் போட்டால் அப்போதே போய்விடும்.

மூன்று எண் எனக்கு வேண்டும்: காலையில் பேட்டரி வோல்ட், ஓடும்போது பேட்டரி வோல்ட், ஈ முனைக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு. அதை எழுது, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அதுவரை வண்டியை எடுக்க வேண்டியிருந்தால் பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டு, பேட்டரிக்குப் போவது கொஞ்சமாவது குறையும்.

மீனாட்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சந்திரன்