‘உராய்வைப் புறக்கணிக்க’ என்று எழுதுகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பொதுத்தேர்வுக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். இயற்பியல் கணக்குகளைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் அதிகம், கணக்கு கஷ்டம் என்று எல்லோரும் பாடும் பாட்டு இல்லை இது. நீங்கள் கொடுக்கும் கணக்கில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் என் குறை.

நிறை இவ்வளவு, முடுக்கம் இவ்வளவு, விசை என்ன? சூத்திரத்தில் மூன்று எழுத்து. இரண்டுக்கு மதிப்பைக் கொடுத்துவிடுகிறீர்கள், மீதி ஒன்றுதான் விடை. வேண்டிய எண் எல்லாம் இருக்கும், வேண்டாத எண் ஒன்றுகூட இருக்காது. மின்சுற்று என்றால் 5 ஓம், 10 ஓம், 15 ஓம். அந்தச் சுற்றில் என்ன ஓடுகிறது, என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒளியியலில் ‘பொருள்’ லென்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் நிற்கும். என்ன பொருள் என்று கேட்டால், அம்புக்குறி!

இப்படியே பழகியவன் விடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சனி ஞாயிறில் அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன் ஒருவன், தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டுவிட்டு, படகின் வேகம் வினாடிக்கு 40 மீட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் கிழித்திருந்தான். மணிக்கு 144 கிலோமீட்டர். விடைத்தாளைக் கொடுக்கும்போது, “உங்க போட்டு எவ்வளவுடா ஓடும்?” என்று கேட்டேன். “எட்டு நாட்டுக்கு மேல ஓடாது சார்” என்றான், யோசிக்காமல். நாட் என்பது கடலில் வேகத்தைச் சொல்லும் அளவு; எட்டு நாட் என்றால் வினாடிக்கு நாலு மீட்டர் சொச்சம். கணக்கின் சரியான விடையும் அதுதான். ஆனால் தேர்வு எழுதும்போது தனக்குத் தெரிந்த படகை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. அதற்கு அவசியம் இருப்பதாக எந்தக் கணக்கும் அவனுக்கு இதுவரை சொன்னதில்லை.

அதற்காக ‘ரயில்’ என்று இருக்கும் இடத்தில் ‘படகு’ என்று மாற்றிப் போட்டு, வட்டார மணம் சேர்த்தாயிற்று என்று முடித்துவிடாதீர்கள். அப்துல் கலாம் பிறந்தநாளான அக்டோபர் 15 வந்தால் எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி பேசிவிட்டுப் போகிற விழாப் பேச்சு மாதிரி ஆகிவிடும். ஊர்ப் பெயர் எனக்கு முக்கியமில்லை. எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது, வந்த விடையை நம்பலாமா என்று பிள்ளை தானே முடிவெடுக்கும்படி கணக்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணக்குகள் எங்கள் கரையில் கிடக்கின்றன. ஒன்றை விரிவாகவே சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே எழுந்தது. ஆட்கள் நின்று கையால் திருகித் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் தூக்குப் பகுதி அப்படியே நேர் செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அதன் எடை சுமார் 660 டன். இதை மட்டும் சொல்லிவிட்டு, தூக்குவதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கேளுங்கள்.

பாலத்தின் நீளம், திறந்த ஆண்டு இவையெல்லாம் கேள்வியில் கிடக்கட்டும். எதுவும் தேவையில்லை என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். 6,60,000 கிலோகிராம், புவியீர்ப்பு முடுக்கமான g-க்கு 10, உயரம் 17. பெருக்கினால் 11.22 கோடி ஜூல். கோடி என்றதும் வகுப்பில் ஒரு ‘அம்மாடி’ வரும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால் 31 யூனிட் சொச்சம். அவ்வளவுதான்! வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெருக்கலில் எங்கோ தப்பு என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், அதே விடைதான் வரும்.

அடுத்த கேள்வி: மின்சாரம் இவ்வளவு குறைவு என்றால், இரு பக்கக் கோபுரங்களிலும் எதிர் எடைகளை ஏன் தொங்கவிட்டிருக்கிறார்கள்? ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பிடிபடும். ஐந்து நிமிடத்தில் தூக்குவதாக வைத்துக்கொண்டால், எதிர் எடை இல்லாவிட்டால் 374 கிலோவாட் மோட்டார் வேண்டும், ஏறத்தாழ 500 குதிரைத்திறன். எதிர் எடை இருந்தால் பாலத்தின் எடையைப் பெரும்பாலும் அதுவே தாங்கிக்கொள்ளும். மோட்டாருக்கு மிஞ்சுவது கப்பியின் உராய்வு, கம்பிவடத்தின் விறைப்பு, காற்று, எடையில் உள்ள சிறு வித்தியாசம். இந்த இடத்தில் ‘உராய்வைப் புறக்கணிக்க’ என்று எழுதிப் பாருங்கள். மோட்டாருக்கு ஏறத்தாழ வேலையே இருக்காது. அங்கே மோட்டார் இருப்பதே நீங்கள் புறக்கணிக்கச் சொல்லும் அந்த உராய்வுக்காகத்தான்.

கரைவலை இழுப்பதிலும் இதே கதை. வலையின் இரு கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்து, அம்பா என்னும் வலை இழுக்கும் பாட்டைப் பாடி, ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். உள்ளங்காலுக்கும் மணலுக்கும் இடையே உராய்வு இல்லை என்றால் வலை கரைக்கு வராது, இழுக்கிறவர்கள்தான் வலையை நோக்கிச் சறுக்கிப் போவார்கள். ஏன் என்று நியூட்டனின் மூன்றாம் விதியை வைத்து விளக்கச் சொல்லுங்கள். ஒரு எண்கூட வேண்டாம்.

மின்னோட்டவியலுக்குப் படகின் பேட்டரி போதும். உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்துவிடும். லைட் பளிச்சென்று எரியும், ஆனால் செல்ஃப் எடுக்காது. பேட்டரி நல்லாத்தானே இருக்கு என்று குழம்புவார்கள். 12 வோல்ட் பேட்டரி; சுற்றத் தொடங்கும் நொடியில் செல்ஃப் மோட்டாரின் மின்தடை 0.1 ஓம், விளக்கின் மின்தடை 12 ஓம், பச்சை பூத்த இடத்தில் தொடரிணைப்பாக இன்னொரு 0.1 ஓம் என்று வையுங்கள். மோட்டாருக்குப் போன 120 ஆம்பியர் 60 ஆகக் குறைகிறது, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 6 வோல்ட், திறன் நாலில் ஒரு பங்கு. விளக்குக்கோ 11.9 வோல்ட் கிடைக்கிறது, அது ஒன்றும் நடக்காததுபோல எரிகிறது. அதே 0.1 ஓம் ஓரிடத்தில் ஆளை நடுக்கடலில் நிறுத்துகிறது, இன்னோரிடத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை. மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் தடவுவது எதற்கு என்று ஓம் விதி தெரிந்த பிள்ளை சொல்லிவிடும்.

ஒளியியலுக்கு மாரியூர், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். வெறும் கண்ணோடு முங்கினால் எல்லாம் கலங்கித் தெரியும். கண்ணாடி போட்டு முங்கினால் பாறை தெளிவாகத் தெரியும். கண்ணாடியில் பவர் ஒன்றும் இல்லை, தட்டைக் கண்ணாடிதான். அப்படியென்றால் தெளிவு எங்கிருந்து வந்தது? கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 43 டையாப்டர் (லென்சின் திறனை அளக்கும் அலகு), காற்றும் கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவும் சேரும் பரப்பில்தான் இருக்கிறது. கார்னியாவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.38, தண்ணீருக்கு 1.33. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்பதால் தண்ணீருக்குள் ஒளி அங்கே அதிகம் வளைவதில்லை. கண்ணாடி கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீருக்குள் வெறும் கண் எந்தப் பார்வைக் குறைபாடு உள்ள கண்ணைப்போல நடந்துகொள்ளும் என்று கேளுங்கள். தூரப்பார்வை என்று பிள்ளை தானே வந்து சேரும். கண்ணாடி போட்ட பிறகு 80 செ.மீ. தள்ளியிருக்கும் பாறை 60 செ.மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும் என்பது அடுத்த கணக்கு. புதிதாக முங்குகிறவர் நீட்டும் கை பாசிக்கு எட்டாமல் நின்றுவிடுவது ஏன் என்பது அதற்கடுத்தது. கிண்ணத்தில் காசு போட்டுத் தண்ணீர் ஊற்றும் சோதனையின் அதே ஒளிவிலகல்தான் இதுவும்.

நீலகிரிப் பிள்ளைக்குப் பாம்பன் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கல்லாரிலிருந்து குன்னூர்வரை 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஏறும் பற்சக்கரத் தண்டவாளத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பதிலுக்குத் தூக்குப்பாலத்தை அவர்களுக்குக் கொடுங்கள். விவரம் கேள்வியிலேயே இருந்தால் ஊரைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

விடை ஆளுக்கு ஆள் மாறுமே, திருத்துவது எப்படி என்பதும் நியாயமான கவலைதான். முகாமில் கட்டுக் கட்டாகத் திருத்தும் சிரமம் எனக்கும் தெரியும். விடைக்குறிப்பில் ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பு கொடுங்கள்: பாலக் கணக்குக்கு 30 முதல் 32 யூனிட் வரை, g-க்கு 9.8 போட்டாலும் 10 போட்டாலும் சரி. நான்கு மதிப்பெண் பகுதியில் கட்டாயக் கேள்வி ஒன்று இருக்கிறதே, அது போதும். தேவையான அளவுகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு, ‘இந்த விடை நம்பும்படி இருக்கிறதா, ஏன்?’ என்ற ஒரு வரிக்கு ஒன்று. 75 மதிப்பெண் தாளில் அந்த ஒரு மதிப்பெண்தான் நான் புதிதாகக் கேட்பது. செய்முறைக்கு 25 தருகிறோமே என்று சொல்லாதீர்கள். அங்கே குவிலென்சின் குவியத்தொலைவு என்ன வர வேண்டும் என்று மாணவனுக்கு முதல் நாளே தெரியும். அளவீடுகள் அதற்கேற்றபடி வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஒரு முறை பாலக் கணக்கைக் கேட்டால், மறு ஆண்டே கைடுகளில் அது விடையோடு வந்துவிடும், பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் ஒரு கணக்கை ஒரே முறைதான் கேட்க வேண்டும். சரக்குக்குப் பஞ்சமில்லை. மாவட்டத்துக்கு ஐந்து என்று அந்தந்த ஊர் ஆசிரியர்களிடம் கேட்டால், 38 மாவட்டத்துக்கு 190 கணக்கு சேரும். இராமநாதபுரத்துக்கான ஐந்தை விடைக்குறிப்போடு எழுதித் தர நான் தயார். மூன்று மேலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்