யுத்தப் படத்தில் தேத்தண்ணி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் சினிமாப் பக்கத்தில் ஒருவர், படைவீரர்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படங்களில் சண்டையே இல்லை, பார்த்தால் தூக்கம்தான் வருகிறது என்று குறைப்பட்டிருந்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது எடுத்த பழைய படச்சுருள்களை வைத்து பீட்டர் ஜாக்சன் 2018இல் செய்த 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' ஆவணப்படத்தை எங்கள் வீட்டில் ஒரு மழை நாளில் எல்லோருமாகப் பார்த்தோம், ஒருத்தரும் தூங்கவில்லை.

சண்டை எப்படி வரும்? அந்த யுத்தத்தில் பெரும்பாலும் இருந்தது முக்காலியில் நிறுத்திக் கையால் சுற்றுகிற கமெரா, அதைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு மேலே தலைகாட்டினால் ஆள் காலி. அதனால்தான் மோதல் வருகிற இடத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகைச் சித்திரங்களைப் போட்டிருக்கிறார். கமெராவுக்கு அகப்பட்டது மற்றதெல்லாம்: சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது, சட்டையைக் கழற்றிப் பேன் பார்ப்பது, நீளக் கட்டையில் வரிசையாகக் குந்தி வெளிக்குப் போவது. பேசுவதும் அந்த யுத்தத்துக்குப் போய்வந்த வீரர்கள்தான், கிழவர்களான பிறகு பதிவு செய்த குரல்கள். எந்தத் தளபதியும் வந்து விளக்கம் சொல்வதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

என்னைப் பிடித்து இழுத்தது தேத்தண்ணிக் கதை. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் குழாய் சூடேறாமல் இருக்க, சுற்றிவர ஏறக்குறைய 4 லீட்டர் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடாமல் சுட்டால் அது கொதித்துவிடும், பையன்கள் அதை இறக்கித் தேத்தண்ணி போட்டிருக்கிறார்கள். குடிதண்ணீர் வந்ததோ பெற்றோல் டின்னில். இதைக் கேட்டதும், காலமெல்லாம் கொழுந்து பறித்த எங்கள் அம்மா "அந்த நாத்தத் தண்ணியிலயா? சாயம் என்னத்துக்கு ஆகும்" என்றார். குண்டு விழுந்த காட்சிகளுக்கு அவர் வாயே திறக்கவில்லை.

சரி, அந்தத் தேயிலை எங்கிருந்து போனது? வெள்ளைக்காரன் குடித்ததில் பெரும்பங்கு இந்தியாவிலும் இங்கே இலங்கையிலும் விளைந்ததுதான். அந்தப் பையன்கள் குழிக்குள் கிடந்த காலத்தில் நம் பாட்டன் பூட்டிமார் லயத்து வரிசை வீடுகளிலிருந்து விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடிக்கொண்டிருந்தார்கள், கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறையே 1921இல்தான் ஒழிந்தது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று இப்படி ஒரு முழுப் படமாக நான் பார்த்ததில்லை. அம்மா இருக்கும்போதே போனிலாவது அவர் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது, இரண்டு மணிநேரம் எடுத்தும்விட்டேன்.

உங்கள் எழுத்தாளர் பக்கத்தில் ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹட்டன்