பீனமுண்டேயின் மறுபக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் போர்க்கால ராக்கெட்டுகள் குறித்த தங்கள் கட்டுரை, 1942 அக்டோபர் 3 அன்று பீனமுண்டே ராக்கெட் சோதனைத் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஏ-4 ராக்கெட் 80 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டியதை அருமையாக விளக்கியிருந்தது. ஆனால், 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் அத்தளத்தின் மீது குண்டு வீசிய பின் உற்பத்தி நோர்ட்ஹவுசன் நகருக்கு அருகிலுள்ள மலைச் சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டதையும், அதற்கு உழைப்பாளிகளை அனுப்பிய மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம்களில் ஏறக்குறைய 20,000 கைதிகள் மடிந்ததையும் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பின்னர் வி-2 என்று பெயர் பெற்ற அந்த ஏ-4 ராக்கெட் விழுந்து இறந்தவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். சிறு திருத்தம் ஒன்றும் உண்டு: உலகின் முதல் ஜெட் விமானமான ஹைன்கல் 178 பறந்தது கட்டுரை சொல்வதுபோல் போரின் நடுவே அல்ல; 1939 ஆகஸ்ட் 27 அன்று, போர் மூள ஐந்து நாள் இருக்கும்போதே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்