கல்லு வித்த காசை எந்தப் பக்கத்தில் எழுதுகிறீர்கள்?

மாநிலத் திட்டக் குழு உறுப்பினர்களுக்கு, மேலூரிலிருந்து வணக்கம்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. குவைத்தில் அகமதி பக்கம் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் பதினான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இப்போது ஊரோடு வந்து ஒரு சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வரவு, செலவு, இருப்பு என்று நோட்டு எழுதியே காலத்தை ஓட்டியவன். அதனால் அரசாங்கத்தின் நோட்டைப் பற்றி ஒரு கேள்வி.

எங்கள் அய்யாவும் நோட்டு எழுதுவார். நெல், கடலை, பால் ஊற்றிய காசு எல்லாம் வரவுப் பக்கம். 1988-இல் அக்கா கல்யாணத்துக்காகக் கரட்டடிப் புஞ்சை ஒரு ஏக்கரை விற்றோம். அந்தப் பணத்தை மட்டும் அவர் வரவில் ஏற்றவில்லை. கடைசித் தாளைத் திருப்பி, 'வித்தது' என்று மேலே எழுதிக் கோடு போட்டார். கல்யாணம் போக மிஞ்சியதில் இரண்டு கறவை மாடு வாங்கினார். அதையும் அதே தாளில் எதிர்ப்பக்கம் எழுதினார். ஏன்யா தனியா என்று கேட்டேன். "இது அடுத்த வருசம் வராதுல்ல" என்றார்.

கீழவளவு பக்கம் வந்து குவாரிக் கிடங்குகளைப் பாருங்கள். பாறையைச் சதுரம் சதுரமாக அறுத்து இறங்கிய சுவர். அதில் ஜாக்கேமர் துளை போட்ட கோடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். அடியில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். கரையில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் எழுதி, விரிசல் இருந்ததால் ஏற்றாமல் விட்ட பிளாக்குகள் கிடக்கும். அதன் நிழலில் ஆடுகள். அங்கிருந்து போன வெள்ளைக் கல்லுக்கு வெளிநாட்டுச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர். மதுரைக் கல்லுக்குக் காஷ்மீர் பெயர்! பெயரையும் விலையையும் வாங்குகிறவன்தான் வைக்கிறான். நமக்குக் கிடங்கு.

போன கல்லுக்கு ஒழுங்காகக் காசாவது வந்ததா என்பது பெரிய கதை. 2012-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம், முறைகேடான குவாரிகளால் அரசுக்குச் சுமார் 16,000 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டு அரசுக்கு எழுதினார். 2014-இல் உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது. திருட்டுப் போனதைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. நான் கேட்பது, முறையாக வந்து சேர்ந்த காசைப் பற்றி.

கல்லை எடுக்கிறவர்கள் அரசுக்குக் கட்டும் கனிம உரிமத் தொகையை (ராயல்டி) பட்ஜெட்டில் 'வரி அல்லாத வருவாய்' என்ற தலைப்பில் சேர்க்கிறீர்கள். அதாவது வருஷாவருஷம் வருகிற காசு மாதிரி. சம்பளம், பென்ஷன், வட்டி என்று அந்த வருஷமே கரைந்துவிடும். ஒன்றிய அரசு பொதுத்துறைப் பங்குகளை விற்றால் அதை மூலதன வரவு என்று எழுதுகிறது. சொத்து கைமாறியது என்று அங்கே தெரிகிறது. பாறை மட்டும் சொத்தில்லையா? 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, உரிமத் தொகை வரி ஆகாது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் கொடுப்பது அது. அந்தத் தீர்ப்பை வைத்துக் கனிம நிலங்களுக்குத் தனியாக வரி போட நம் அரசும் சட்டம் கொண்டுவந்தது. வசூலிக்க வழி கிடைத்ததும் உடனே நடக்கிறோம், பாதுகாக்கத்தான் யோசனை.

நான் வேலை பார்த்த குவைத்தில் பெட்ரோல்தான் எல்லாம். ஆனால் சுதந்திரம் அடைவதற்கு முன்பே, 1953-இல், எண்ணெய்ப் பணத்தை வெளியே முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் வைத்தார்கள். 1976-இல், அரசு வருமானத்தில் பத்து சதவீதம் வருங்காலத் தலைமுறை நிதிக்கு என்று சட்டம் போட்டார்கள். 1990-இல் ஈராக் உள்ளே புகுந்தபோது, நாட்டையே இழந்து நின்ற அரசாங்கத்துக்குக் கைகொடுத்தது அந்த வெளிநாட்டு முதலீடுதான். என்னோடு இருந்த ஒரு மலையாளிச் சேட்டன் இதைச் சொல்லிச் சொல்லி மாய்வார். அவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் எண்ணெய் விலை விழுந்து பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும், உபரி உள்ள வருஷத்தில் மட்டும் போட்டால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். அரசாங்கம் கையை நீட்டாமல் இருக்கக் கயிறு இறுக்கமாக வேண்டும். நார்வேயில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்: நிதியின் எதிர்பார்க்கும் வருமானமான மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் எடுக்க வேண்டும், முதல் தொகையில் கை வைக்கக் கூடாது.

நிதி வைத்தும் கெட்ட ஊர் நவ்ரு. பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு. பாஸ்பேட்டைத் தோண்டி விற்ற காசில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டியது. வந்த காசை நிர்வாகம் கண்டபடி இறைத்துக் கடனில் மாட்டி, 2004-இல் அந்தக் கட்டடமும் போனது. தீவின் நடுவில் மிஞ்சியது தோண்டிய கரடுதான்.

நெதர்லாந்தில் 1959-இல் எரிவாயு கிடைத்த பிறகு, அந்நியப் பணம் கொட்டி நாணய மதிப்பு ஏறி, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நொடித்தன. 'டச்சு நோய்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மேலூரில் நாணயம் ஏறவில்லை. ஆனால் நோவு அதே மாதிரிதான் இருந்தது. கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓடிய வருஷங்களில் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. எங்களுடையது பெரியாறு ஒருபோகப் பாசனம், ஒரு போகம் தவறினால் அந்த வருஷமே போச்சு. கண்மாய் மடையைப் பார்க்க ஆளில்லை. இளவட்டமெல்லாம் கம்ப்ரசர் பின்னால் போனது. பிறகு ஒருநாள் குவாரிகள் மூடின. லாரி தவணை கட்ட முடியாமல் என் சின்னையா மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். கல் தந்த காசில் அவனுக்கென்று ஊரில் ஒன்றும் நிற்கவில்லை.

டங்ஸ்டனையும் சொல்லிவிடுகிறேன். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியையும் சேர்த்து ஒன்றிய அரசு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது நாங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தோம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்கக் கூடாது, அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் வேறு எங்கெங்கோ கல்லும் சுண்ணாம்பும் தினமும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் காசுக்கு ஒரு தனித் தாள் வேண்டும் என்கிறேன். கோவாவில் 2014-இல் உச்ச நீதிமன்றம், இரும்புத் தாது விற்பனையில் பத்து சதவீதத்தை நிரந்தர நிதியில் போடச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்பீர்கள். அதில் ரோடும் வகுப்பறையும் வருகின்றன, நல்லது. ஆனால் அதுவும் பெரும்பாலும் செலவழிக்கிற பணம்தான், முதலாக நிற்கிற பணமில்லை.

உடனே சட்டம் போடச் சொல்லவில்லை. முதலில் ஒரே ஒரு தாள். மேலூர் தாலுகாவிலிருந்து இதுவரை எத்தனை கன மீட்டர் கல் போனது, அரசுக்கு எவ்வளவு வந்தது, அதை வைத்து வாங்கியதில் இன்றைக்கு எது இருக்கிறது. இடதுபக்கம் 'வித்தது', வலதுபக்கம் 'வாங்கினது'. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் அனுப்பிவையுங்கள். மைக்கில் நானே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
மேலூர்க்காரன் ஒருவன்